வளையம் மாறிய கதை

சென்ற பருவத்தின் இறுதியில் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். தெருக்கூத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறவள். இரவெல்லாம் நடக்கும் கூத்துகளை ஊர் ஊராகச் சென்று படம்பிடிக்க வேண்டும், முதன்முதலாக ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கப்போகிறேன், நிக்கானா கேனானா எது நல்லது என்று கேட்டாள். பிறகு கையிலிருந்த துணிப்பையைப் பிரித்துப் பழைய லென்ஸ் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"அப்பாவோடதுங்க ஐயா. ஸ்டுடியோ வச்சிருந்தாரு. இது பொருந்தற கேமராவா வாங்கிட்டா, லென்ஸ் செலவு மிச்சமாகுமில்லையா?"

எடுத்துப் பார்த்தேன். 50 மி.மீ. கேனான் லென்ஸ். கனமான உலோக உடல், விரல் பட்டுப் பட்டு மழுங்கிய எண்கள். பின்புறம் 'எஃப்டி' என்னும் வகையைச் சேர்ந்த பொருத்துவளையம். தந்தை இப்போது இல்லை என்பதை அவள் சொல்லாமலே புரிந்துகொண்டேன். 'கேனான் லென்ஸ்தானே, கேனான் கேமராவில் பொருந்தாதா?' என்ற அவளுடைய எதிர்பார்ப்பு மிக இயல்பானது. ஆனால் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை ஒரு வரியில் சொல்ல இயலவில்லை. அன்று மாலை அவளுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டுப் பின்னர் நினைத்துக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இதைச் சொல்ல எனக்கிருக்கும் தகுதி, இதே தேர்வில் ஒருமுறை ஏமாந்தவன் என்பதுதான். 2008இல் நடுகற்களைப் படம்பிடிக்கவென்று என் முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்கினேன். எத்தனை மெகாபிக்ஸல் என்று பார்த்தேன், விலை பார்த்தேன், கையில் பிடித்துப் பார்த்தேன். வளையத்தை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு லென்ஸ்கள் சேர்ந்த தொகுப்பு மலிவு என்று அதையே வாங்கிவந்தேன். அவற்றுள் நீண்ட தொலைலென்ஸை மூன்றாண்டுகளில் நான்கு முறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டேன். நடுகல் ஓடிப்போவதில்லை, அருகில் சென்றே எடுக்கலாம். தோல்பைக்குள் கிடந்த அந்த லென்ஸின் உட்புறத்தில் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. குற்றம் லென்ஸுடையதன்று, ஈரத்தில் பூட்டி வைத்த என்னுடையது.

*

கேமராவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஒரு வளையத்தை. கடைக்காரர்கள் 'மவுண்ட்' என்பார்கள். கேமராவின் முகப்பில் லென்ஸ் வந்து அமரும் உலோக வளையம் அது. கேமராவின் உடல் ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் முப்பது ஆண்டு உழைக்கும். ஒரு வளையத்துக்கென்று இரண்டு மூன்று லென்ஸ்கள் வாங்கிவிட்டால், அடுத்த கேமராவும் அந்த வளையத்தை உடையதாகத்தான் இருக்க வேண்டும். முதல் கேமராவை வாங்கும்போதே அடுத்த இருபது ஆண்டுகளுக்கான உறவொன்றில் நாம் கையொப்பமிடுகிறோம்.

எஸ்.எல்.ஆர். கேமராவின் அமைப்பைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். லென்ஸின் வழியே வரும் ஒளியை 45 பாகை சாய்ந்து நிற்கும் கண்ணாடி ஒன்று மேல்நோக்கித் திருப்புகிறது. மேலேயுள்ள ஐங்கோணப் பட்டகம் பிம்பத்தை இடவலம் மாறாமல் திருத்திக் கண்ணுக்கு அளிக்கிறது. பொத்தானை அழுத்தும் கணத்தில் கண்ணாடி மேலே மடிய, திரை திறந்து, அதே ஒளி பிலிமிலோ சென்சாரிலோ விழுகிறது. கண்ணாடி எழுந்து மடிய இடம் வேண்டுமாகையால், வளையத்துக்கும் பிலிம் தளத்துக்கும் நடுவே கணிசமான தூரம் விடவேண்டியிருக்கிறது. இத்தூரம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொன்று. நிக்கானின் 'எஃப்' வளையத்தில் 46.5 மி.மீ., கேனானின் பழைய எஃப்டியில் 42 மி.மீ., பிற்காலத்து 'இஎஃப்' வளையத்தில் 44 மி.மீ.

அற்பமாகத் தோன்றும் இந்த எண்களில்தான் நம் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. தூரம் அதிகமாக வேண்டும் லென்ஸைத் தூரம் குறைவான கேமராவில் மாட்டலாம். இடைவெளியை ஒரு சாதாரண வளையத்தால் நிரப்பினால் போதும். மறுதலையாக முடியாது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னே தள்ளி நின்றுவிடும். அருகிலுள்ள பூ தெளிவாகத் தெரியும், தூரத்து மலை ஒருபோதும் தெளியாது. ஆகவே, 46.5 மி.மீ. வேண்டும் நிக்கான் லென்ஸ் இரண்டரை மில்லிமீட்டர் வளையம் ஒன்றின் உதவியால் 44 மி.மீ. கேனான் கேமராவில் சுகமாக அமர்கிறது. கேனானின் சொந்தப் பிள்ளையான எஃப்டி லென்ஸோ அதே கேமராவில் அமர இயலாமல் இரண்டு மில்லிமீட்டரில் தோற்றுப்போகிறது. அயலார் உள்ளே வர, உடன்பிறந்தது வாசலில் நிற்கும் இந்த விசித்திரம் எப்படி நேர்ந்தது?

*

டோக்கியோவின் ரோப்பொங்கிப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் சிறு அறையில், 1933இல் 'செய்கி கோகாகு' என்ற துல்லிய ஒளியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதன் கர்த்தாக்களுள் ஒருவரான கோரோ யோஷிதா ஜெர்மானிய லைக்கா கேமரா ஒன்றைத் திருகு திருகாகப் பிரித்துப் பார்த்தவர். உள்ளே வைரமோ மந்திரமோ இல்லை, பித்தளையும் அலுமினியமும் ரப்பரும்தான் இருக்கின்றன. பின் ஏன் இத்தனை விலை என்று சினந்தவர். அவர் உருவாக்கிய மாதிரிக் கேமராவுக்கு 'க்வானோன்' என்று பெயர். 1934இல் விளம்பரமும் வந்தது. லென்ஸுக்கு வைத்த பெயர் 'கஸ்யபா'.

தமிழ் படித்தவர்கள் இந்தப் பெயர்களைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. க்வானோன் என்பது கண்ணோன். சீனத்தில் குவான்யின். வடமொழியில் அவலோகிதேசுவரர், உலகின் துயரத்தைக் கருணையோடு நோக்கும் போதிசத்துவர். அகத்தியர் தமிழ் கற்றது இந்த அவலோகிதரிடம்தான் என்று 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம் கூறுகிறது. கஸ்யபா என்பது புத்தரின் தலைமாணாக்கரான மகாகாசியபர். ஜப்பானியக் கேமரா ஒன்றின் பிறப்புச் சான்றிதழில் பொதிகை மலையின் காற்று சற்றே வீசுகிறது என்று எண்ணிக்கொள்வதில் எனக்கொரு சிறிய மகிழ்ச்சி. நோக்குதலையே கருணையாகக் கொண்ட தெய்வத்தின் பெயரைக் கேமராவுக்கு வைத்தவர் சொல்லின் பொருள் தெரிந்தவராகவே இருந்திருக்க வேண்டும். யோஷிதா விரைவிலேயே விலகிச் சென்றுவிட்டார். உலகச் சந்தைக்கு ஏற்ற பெயராக, ஒலியில் நெருங்கிய 'கேனான்' 1935இல் பதிவு செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு நியமம், மறைநூல் என்னும் பொருள்கள் உண்டு.

நிற்க. பெயர் கிடைத்தது, உடல் கிடைத்தது, லென்ஸ் செய்யும் திறன் மட்டும் அச்சிறு நிறுவனத்திடம் இல்லை. 1917இல் மிட்சுபிஷி குழுமத்தின் ஆதரவோடு நிறுவப்பட்ட நிப்பான் கோகாகு அப்போதே பெரிய ஒளியியல் நிறுவனம். 1921இல் எட்டு ஜெர்மானிய வல்லுநர்களை வரவழைத்து வித்தை கற்றது. கடற்படைக்குத் தூரமானிகளும் தொலைநோக்கிகளும் செய்துவந்தது. கேனான் அதனை அணுகியது. 1936இல் வெளிவந்த 'ஹன்சா கேனான்' கேமராவின் 50 மி.மீ. நிக்கோர் லென்ஸ், அந்த லென்ஸ் அமரும் வளையம், குறிபார்க்கும் பகுதியின் ஒளியமைப்பு ஆகியவை நிப்பான் கோகாகுவின் கைவேலை. அந்த நிப்பான் கோகாகுதான் பிற்கால நிக்கான்.

இன்று இணையத்திலும் தேநீர்க் கடைகளிலும் நிக்கான் பக்தர்களும் கேனான் பக்தர்களும் சைவ வைணவச் சண்டைபோல மோதிக்கொள்வதைக் காணும்போதெல்லாம் இந்தச் செய்தி நினைவுக்கு வரும். கேனானின் முதல் கண் நிக்கானுடையது. முதல் வளையமும் நிக்கானுடையதே.

*

போருக்குப் பின் இரு நிறுவனங்களும் தத்தம் வழியில் சென்றன. மகப்பேறு மருத்துவரான தக்கேஷி மிதாராய் கேனானின் தலைமையேற்று நடத்தினார். ராணுவத் தேவை அற்றுப்போன நிப்பான் கோகாகு 1948இல் 'நிக்கான்' என்ற பெயரில் சொந்தக் கேமராவை வெளியிட்டது. 1950இல் லைஃப் இதழின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் நிக்கோர் லென்ஸின் கூர்மையைக் கண்டு வியந்து, அதைத் தம் லைக்காவில் பொருத்திக்கொண்டு கொரியப் போர்க்களத்துக்குச் சென்றார். மேற்குலகம் ஜப்பானிய லென்ஸை மதிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

1954இல் லைக்கா எம்3 வந்தபோது, அந்த வகைக் கேமராவில் ஜெர்மானியரை மிஞ்ச இயலாது என்பதை ஜப்பானியர் உணர்ந்தனர். எனவே கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். பக்கம் திரும்பினர். அசாஹி நிறுவனம் 1952இலேயே முதல் அடியை எடுத்து வைத்திருந்தது. 1959இல் நிக்கான் 'எஃப்' கேமராவும் கேனானின் 'கேனான்ஃப்ளெக்ஸ்' கேமராவும் ஒரே ஆண்டில் வெளிவந்தன. முன்னது சரித்திரமாயிற்று, 8 லட்சத்துக்கும் மேல் விற்றது. பின்னதை இன்று சேகரிப்பாளர்களே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கேனான் தன் வளையத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே வந்தது. 1964இல் எஃப்எல், 1971இல் எஃப்டி. 1976இல் வந்த ஏஇ-1 நுண்செயலியைக் கொண்டது, விலையும் தாங்கக்கூடியது. அதன் வழியாக எஃப்டி லென்ஸ்கள் உலகெங்கும் நடுத்தர வர்க்கத்துக் கைகளில் போய்ச் சேர்ந்தன. என் மேசைமேல் இருந்தது அவற்றுள் ஒன்றுதான்.

1985இல் மினோல்டா நிறுவனத்தின் ஆல்ஃபா 7000 வந்தது. கேமராவே குவியம் தேடிக்கொள்ளும் தானியங்கிக் குவியம் ஒரு முழுமையான அமைப்பாக அதில் இருந்தது. ஜப்பானியத் தொழிலுலகம் அதிர்ந்தது. நிக்கான், கேனான் இரண்டின் முன்னும் ஒரே கேள்வி எழுந்தது: பழைய வளையத்தை வைத்துக்கொண்டே புதியதைச் செய்வதா, வளையத்தையே மாற்றுவதா?

நிக்கான் பழையதைக் காத்தது. கேமராவின் உடலுக்குள் மோட்டாரை வைத்து, திருகு முனைபோன்ற ஒரு சிறு தண்டின் வழியே லென்ஸைச் சுழலச் செய்தது. 1959இன் வளையம் 1986இன் தானியங்கிக் கேமராவிலும் தொடர்ந்தது. வைத்திருந்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்.

கேனான் முதலில் எஃப்டி வளையத்திலேயே ஒரு முயற்சி செய்து பார்த்தது, எடுபடவில்லை. 1987 மார்ச்சில் இஓஎஸ் 650 என்ற கேமராவோடு இஎஃப் என்ற முற்றிலும் புதிய வளையத்தை அறிமுகப்படுத்தியது. உட்புற விட்டம் 54 மி.மீ.; நிக்கானின் எஃப் வளையத்தில் அது 44 மி.மீ. மட்டுமே. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே தண்டு, நெம்புகோல் எதுவும் கிடையாது, எல்லாம் மின்தொடர்புகள். ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் அதற்கேற்ற மோட்டார். 'இயோஸ்' என்பது கிரேக்கத்தில் விடியலின் தேவதை, நம் உஷையைப் போன்றவள். கருணைத் தெய்வத்தின் பெயரில் பிறந்த நிறுவனம் விடியல் தெய்வத்தின் பெயரில் மறுபிறப்பு எடுத்தது. அந்த விடியலில் எஃப்டி லென்ஸ்கள் அனைத்தும் இருட்டில் விடப்பட்டன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு ஆறேழு லென்ஸ் வாங்கியிருந்த தொழிற்படப்பிடிப்பாளர்கள் கொதித்தார்கள். பலர் நிக்கானுக்கு மாறினார்கள்.

எது சரி? அன்று கேட்டிருந்தால் நிக்கான்தான் என்று நான் சொல்லியிருப்பேன். பழமையைப் போற்றும் துறையில் இருப்பவன் வேறெப்படிச் சொல்வான்? ஆனால் காலம் வேறொரு பதிலைத் தந்தது. அகன்ற வளையம் பெரிய துளையுள்ள லென்ஸ்களுக்கு இடமளித்தது, 1989இல் எஃப்/1.0 துளையுடைய 50 மி.மீ. தானியங்கி லென்ஸைக் கேனான் வெளியிட்டது. லென்ஸுக்குள்ளிருந்த மோட்டார்கள் வேகமாகவும் ஓசையின்றியும் இயங்கின. 1990களில் விளையாட்டு மைதானங்களின் ஓரங்களைக் கேனானின் வெள்ளை லென்ஸ்கள் நிறைத்தன. நிக்கானும் இறுதியில் லென்ஸுக்குள் மோட்டார் வைக்கும் முறைக்கே வந்து சேர்ந்தது.

நிக்கானின் விசுவாசமும் நாம் நினைக்குமளவு முழுமையானதன்று. வளையத்தின் வடிவம் மாறவில்லையே தவிர அதன் உள்விவகாரங்கள் பலமுறை மாறின. 1977இல் துளையளவைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் முறை மாறியது. அதற்கு முற்பட்ட லென்ஸ்களைப் பிந்தைய கேமராக்கள் பலவற்றில் அப்படியே மாட்டினால் கேமரா பழுதாகும். 2006இல் அறிவிக்கப்பட்ட மலிவான டி40இல் உடலுக்குள்ளிருந்த மோட்டாரையே எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த உணர்நெம்பும் அதில் இல்லாததால் 1959ஆம் ஆண்டு லென்ஸ் அதில் தாராளமாகப் பொருந்தும், ஒளியளவை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்; 1990களின் தானியங்கி லென்ஸோ பொருந்தினாலும் தானாகக் குவியாது. பாட்டனை ஏற்கும் வீடு சித்தப்பாவைப் பாதிதான் ஏற்கிறது.

மரபு என்பது எழுத்து மாறாதிருப்பதா, பொருள் தொடர்வதா என்று வகுப்பில் மாணவர்களோடு விவாதிப்பதுண்டு. இந்த இரு வளையங்களையும் அவ்விவாதத்துக்குச் சாட்சியாக அழைக்கலாம் என்று தோன்றுகிறது.

*

டிஜிட்டல் யுகம் இந்தப் பழைய வளையங்களின் மேல்தான் வந்து அமர்ந்தது. 1991இல் கோடக் வெளியிட்ட முதல் வணிக டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். நிக்கான் எஃப்3இன் உடலைக் கொண்டது, 1.3 மெகாபிக்ஸல். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே சுமக்க வேண்டும். 1999இல் நிக்கான் டி1, 2000இல் கேனான் டி30 வந்தன. 2003இல் கேனான் 300டி 1,000 டாலருக்குக் கீழே விலை வைக்கப்பட்டதும், 2004இல் நிக்கான் டி70 அதை எதிர்கொண்டதும் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களையும் கடைவாசலுக்கு இழுத்துவந்தன.

அந்த விலைக்குறைப்பின் ரகசியம் சிறிய சென்சார். 36 x 24 மி.மீ. பிலிம் சட்டகத்தைவிடச் சிறியது என்பதால், அதே லென்ஸ் குறுகிய காட்சியையே தரும். நிக்கானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு. 50 மி.மீ. லென்ஸ் இவற்றில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸைப்போல நடந்துகொள்ளும். குறுகலான கோயில் மண்டபத்தில் முதுகு சுவரில் முட்ட நின்றும் ஒரு தூண் முழுவதும் சட்டகத்துக்குள் வராமல் நான் தவித்தது இதனால்தான். சிறு சென்சாருக்கென்றே கேனான் செய்த இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அதன் முழுச்சட்டகக் கேமராக்களில் பொருந்தா. நிக்கானின் டிஎக்ஸ் லென்ஸ்கள் பொருந்தும், ஆனால் படத்தின் பரப்புக் குறையும். முதல் கேமராவோடு வரும் லென்ஸ் அடுத்த கேமராவுக்கும் வருமா என்பதை வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவிக்கு நான் சொன்ன நடைமுறை யோசனை சுருக்கமானது. கூத்து இரவில் நடக்கிறது. கலைஞர் சுழன்று ஆடுகிறார். கேமராவோடு வழக்கமாகத் தரும் 18-55 மி.மீ. லென்ஸின் நீண்ட முனையில் துளை எஃப்/5.6 மட்டுமே. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் பத்தில் ஒரு நொடி திறந்திருக்க வேண்டிய திரை, பின்னதில் நூறில் ஒரு நொடி திறந்தால் போதும். சுழலும் பாவாடை மங்கலாகப் போவதற்கும் கிரீடத்தின் கண்ணாடிச் சில்லு தெளிவாகத் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். எனவே உடலுக்கு மலிவான, பழைய கேமராவே போதும், லென்ஸுக்குச் செலவு செய் என்றேன். பழையது வாங்கினால் லென்ஸின் ஒருபுறம் கைவிளக்கை அடித்து மறுபுறம் பார்க்க வேண்டும், பூஞ்சை இருந்தால் தெரிந்துவிடும். திரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற கணக்கையும் கேட்க வேண்டும். வாங்கிய பின் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். கடைசி அறிவுரை என் பூஞ்சை லென்ஸ் எனக்குக் கற்றுத்தந்தது.

எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு, "உன் ஊரில் யாரிடம் என்ன கேமரா இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. லென்ஸ் இரவல் வாங்கும் பொருள். ஒரே வளையம் உள்ளவர்கள் ஒரே தெருவில் இருப்பது நிறுவனங்களின் விளம்பரப் பெருமைகளைவிட உபயோகமானது.

*

அவள் தந்தையின் லென்ஸ் மட்டும் மேசைமேல் மீதமிருந்தது. கதையின் கடைசித் திருப்பம் அதைப் பற்றியது.

2018இல், சில வார இடைவெளியில், நிக்கான் 'இசட்' வளையத்தையும் கேனான் 'ஆர்எஃப்' வளையத்தையும் அறிமுகப்படுத்தின. இவற்றில் கண்ணாடியே இல்லை. சென்சார் காணும் காட்சி மின்திரையில் தெரிகிறது. சோனி இந்த வழியில் ஏற்கெனவே வெகுதூரம் சென்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டி6, டி780, 1டிஎக்ஸ் மூன்றாம் பதிப்பு, 850டி என்று வந்தவற்றுக்குப் பிறகு இவ்விரு நிறுவனங்களும் புதிய எஸ்.எல்.ஆர். வரிசை எதையும் தொடங்கவில்லை. பென்டாக்ஸ் மட்டும் அதன் பின்னரும் கண்ணாடியைக் கைவிடாமல் புதியன செய்தது. கைவிடாத நிக்கானும் 61 ஆண்டுகளுக்குப் பிறகு கைவிட்டது. புதிய வளையத்தின் விட்டம் 55 மி.மீ. என்பது 1987இல் கேனான் சொன்னதை ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது.

ஆனால் கண்ணாடி போனதும் அது எழுந்து மடிவதற்கான இடமும் தேவையற்றதாயிற்று. இசட் வளையத்தின் தூரம் 16 மி.மீ., ஆர்எஃப் வளையத்தில் 20 மி.மீ. மேலே சொன்ன விதியை நினைவுகூருங்கள். 42 மி.மீ. வேண்டும் எஃப்டி லென்ஸுக்கு இப்போது இடையில் 22 மி.மீ. வெற்றிடம் கிடைக்கிறது. கண்ணாடிச் சில்லு எதுவும் வேண்டாம், வெறும் உலோக வளையம் போதும். துளையையும் குவியத்தையும் விரலால் திருப்ப வேண்டும், அவ்வளவே. 1987இல் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட லென்ஸ்களுக்கு முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து அதே வீட்டின் கதவு திறந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று இது. நடுவே நின்றிருந்த கண்ணாடி விலகியதால் நேர்ந்தது.

இதைச் சொல்லி, சற்றே உற்சாகத்தோடு, பணம் கொஞ்சம் கூடுதலானாலும் கண்ணாடியில்லாத பழைய கேமரா ஒன்றைத் தேடலாம், அப்பாவின் லென்ஸை அதில் மாட்டலாம் என்றேன். அவள் பதில் சொல்லாமல் லென்ஸைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். 16,000 ரூபாய்க்குப் பழைய கேனான் எஸ்.எல்.ஆர். ஒன்றும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் வாங்கியிருந்தாள். அவள் ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் இஎஃப் லென்ஸ்கள் இருக்கின்றனவாம், வேண்டும்போது தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். நான் சொன்ன யோசனைகளில் மிக மலிவானதை மட்டும் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையிலிருக்கும் கேமராவில் அவள் தந்தையின் லென்ஸ் பொருந்தாது.

"அப்பா லென்ஸ்?" என்று கேட்டேன்.

"அது இருக்குங்க ஐயா. இப்ப கூத்து சீசன், பங்குனி சித்திரை போயிட்டா அடுத்த வருஷந்தான். அதான் முதல்ல படம் எடுக்கறதுக்கு வாங்கிட்டேன். நீங்க சொன்ன வளையம் எங்க போயிடப்போகுது? வேலை கிடைச்சதும் அதுக்கு ஒண்ணு வாங்குவேன். டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வச்சிருக்கேன்."

பிறகு கேமராவின் பின்திரையில் படங்களைக் காட்டினாள். துரோபதை வேடம் கட்டும் கலைஞர் ஒருவர், முகத்தில் அரிதாரம் பாதி பூசிய நிலையில், கையிலுள்ள சிறு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒற்றைக் குண்டு விளக்கின் ஒளி. கண்கள் கூர்மையாக விழுந்திருந்தன.